அந்த நடுப்பகுதியை எழுதுங்கள்

தொடர்கொலைக் கதைகளைப் படமெடுக்கும் இயக்குநர்களுக்கும், அவற்றுக்குத் திரைக்கதை எழுதுகிறவர்களுக்கும்,



சினிமாவைத் திட்டி வரும் கடிதங்கள் உங்களுக்குப் புதிதில்லை. இதையும் அந்தக் கட்டில் சேர்த்துவிடாதீர்கள். நான் உங்கள் படங்களை விரும்பிப் பார்க்கிறவள். ‘ராட்சசன்’ வெளியான வாரமே மதுரையில் போய்ப் பார்த்துவிட்டு, அன்றைக்கு ராத்திரி மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போகப் பயந்தவள். பகலில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கல்லூரிப் பிள்ளைகள். கொலையாளியின் மனசைப் பற்றி அவர்களுக்கு எது தெரிந்திருந்தாலும் அது உங்களிடமிருந்து தெரிந்துகொண்டதாகத்தான் இருக்கிறது. அதனால்தான் உங்களிடமே நேராகப் பேசிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் அந்த பிளாஷ்பேக் வந்துவிடும். படத்தின் நிறம் மங்கும், ஒரு பையன் தெரிவான். ‘ராட்சச’னில் வகுப்பே அவனைப் பார்த்துச் சிரிக்கிறது, விரும்பிய பெண்ணும் கைவிடுகிறாள். ‘சைக்கோ’வில் ஆசிரியையின் கொடுமை. ‘நடுநிசி நாய்க’ளில் பெற்ற அப்பனே சீரழிக்கிறான். 1978-இல் ‘சிகப்பு ரோஜாக்கள்’ போட்டுக் கொடுத்த பாதை இது. அதற்குப் பிறகு கேமரா மாறியது, ஒலி மாறியது, கொலை செய்யும் கருவிகளில்கூட உங்கள் கற்பனைக்குக் குறைவில்லை. பிளாஷ்பேக் மட்டும் அப்படியே இருக்கிறது. சின்ன வயதில் ஒரு காயம், பெரியவனானதும் பிணங்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு ‘கட்’.

அடிபட்டு, அவமானப்பட்டு, வீட்டுக்குள்ளேயே தொடக்கூடாத இடத்தில் தொடப்பட்டு வளர்ந்த பிள்ளைகளை நான் வாராவாரம் பார்க்கிறேன். அவர்களுக்குத் தூக்கம் வருவதில்லை, படிப்பு ஏறுவதில்லை, கல்யாணம் என்றால் உடம்பு நடுங்குகிறது. யாரையும் கொல்லவில்லை. கொல்லப்போவதும் இல்லை. அதிகபட்சம் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்கிறார்கள். நீங்கள் இரக்கத்தோடுதான் அந்த பிளாஷ்பேக்கை எழுதுகிறீர்கள் என்று தெரியும். ஆனால் தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைக்கு அது சொல்வது, ‘உனக்கு நடந்தது உன்னை இப்படி ஆக்கிவிடும்’ என்பதைத்தான்.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்த பிளாஷ்பேக்கை யார் சொல்கிறார்கள்? பல படங்களில் கொலையாளியே சொல்கிறான், நீங்கள் அப்படியே நம்பிக் காட்சியாக எடுத்துவிடுகிறீர்கள். டெக்சாஸில் ஹென்றி லீ லூகஸ் என்பவன் நூற்றுக்கணக்கான கொலைகளைத் தான் செய்ததாக ஒப்புக்கொண்டான். அதிகாரிகள் ஆவலோடு எழுதிக்கொண்டார்கள், பழைய வழக்குகளை வரிசையாக மூடினார்கள். பிறகு பார்த்தால் பெரும்பாலானவை பச்சைப் பொய். டெட் பண்டி மரண தண்டனைக்கு முந்தின நாள், 1989 ஜனவரியில், ஒரு கிறிஸ்தவ வானொலிப் பேச்சாளருக்குப் பேட்டி கொடுத்து ஆபாசப் பத்திரிகைகள்மேல் பழியைப் போட்டான். அந்தப் பேச்சாளர் கேட்க விரும்பியது அதுதான். எதிரே இருப்பவருக்கு எது வேண்டுமோ அதைத் தருவது இந்த ஆட்களுக்குக் கைவந்த கலை. உங்களுக்கு வேண்டியது கண்ணீர் வரவழைக்கும் ஒரு பிளாஷ்பேக் என்றால் அதையும் தருவார்கள்.

பிளாஷ்பேக்கே இல்லாத ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் விச்சிட்டா என்ற ஊர். அங்கே டென்னிஸ் ரேடர் 1974 முதல் 1991 வரை 10 பேரைக் கொன்றான். முதல் நாளில் ஒரே வீட்டில் நான்கு பேர், அதில் இரண்டு குழந்தைகள். பிடிபட்டது 2005 பிப்ரவரியில்தான். அதுவரை அவனுக்கு மனைவி இருந்தாள், இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், தேவாலய சபையின் தலைவர் பதவி இருந்தது. மகன் இருந்த சிறுவர் சாரணர் குழுவுக்கு வழிகாட்டியாக இருந்தான். பல வருஷங்கள் வீடுகளுக்குத் திருட்டு அலாரம் பொருத்தும் கம்பெனியில் வேலை பார்த்தான். (இதை நீங்கள் எழுதியிருந்தால், ‘ரொம்ப சினிமாத்தனமா இருக்கு, மாத்துங்க’ என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார்.) சின்ன வயதில் தன்னை யாரும் கொடுமைப்படுத்தவில்லை என்று அவனே சொல்லியிருக்கிறான்.

அவனிடம் இருந்தது கற்பனை. பெண்களைக் கட்டிப்போடுவது, அவர்கள் தவிப்பது, அவர்கள் உயிர் தன் கையில் இருப்பது. சிறுவனாக இருந்தபோதே தொடங்கிய அந்தக் கற்பனையை அவன் பராமரித்தான். படங்களாக வரைந்தான். விளம்பரங்களில் வரும் பெண்களின் படங்களை வெட்டி அட்டைகளில் ஒட்டி வைத்தான். ஆள் இல்லாத இடத்துக்குப் போய்த் தன்னையே கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டான். பிறகு வெளியே இறங்கினான். தெருத் தெருவாகக் காரில் சுற்றிப் பெண்களைத் தேர்ந்தெடுத்தான். ஒவ்வொருத்தியும் அவனுக்கு ஒரு ‘புராஜெக்ட்’. அவன் வைத்த பெயர் அதுதான். எப்போது வேலைக்குப் போகிறாள், எப்போது திரும்புகிறாள், கூட யார் இருக்கிறார்கள் என்று நோட்டம் பார்த்தான். பல ‘புராஜெக்டுகள்’ பாதியிலேயே நின்றுபோயின. அந்தப் பெண்களில் எத்தனையோ பேருக்குத் தாங்கள் தப்பித்தோம் என்பதே தெரியாமல் போயிருக்கும். 2005 ஜூனில் நீதிமன்றத்தில் நின்று நடந்ததையெல்லாம் விவரித்தபோது, நகராட்சி ஊழியர் ஒருவர் கோப்பை வாசித்துக்காட்டுவதுபோல அவன் குரல் ஒரே சீராக இருந்தது. உண்மையிலேயே அவன் ஒரு சின்ன நகராட்சியின் ஊழியன்தான். புல் அதிகம் வளர்ந்துவிட்டது என்று வீட்டுக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுக்கும் வேலை.

அவன் மேதாவியா? 1978-இல் தன் கொலைகளுக்குப் போதுமான விளம்பரம் கிடைக்கவில்லை என்று ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குக் குறைபட்டுக் கடிதம் எழுதினான். 2004-இல் உள்ளூர் நாளிதழ் பழைய கொலைகளைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. யாரோ ஒரு வழக்கறிஞர் அதைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார் என்று அதில் இருந்தது. இவனுக்குப் பொறுக்கவில்லை. மறுபடியும் கடிதங்கள் அனுப்ப ஆரம்பித்தான். ஃபிளாப்பி அனுப்பினால் என்னைக் கண்டுபிடித்துவிடுவீர்களா என்று போலீசிடமே கேட்டான். பயப்பட வேண்டாம் என்று அவர்கள் பத்திரிகை விளம்பரம் மூலம் பதில் கொடுத்தார்கள், நம்பிவிட்டான். அனுப்பிய ஃபிளாப்பியில் தேவாலயத்தின் பெயரும் ‘டென்னிஸ்’ என்ற பெயரும் பதிந்து கிடந்தன. உங்கள் படங்களில் வில்லன் பத்து அடி முன்னால் யோசிக்கிறான். அவன் வரும்போதெல்லாம் பின்னணி இசை கூரையைப் பிளக்கிறது, அவனுக்கென்று ஒரு முத்திரை, ஒரு முகமூடி. ரேடர் ஆயுள் முழுக்க ஏங்கியது இதற்குத்தான். அவன் மாதிரி ஆட்களுக்கு நீங்கள் அதை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

1991-க்குப் பிறகு பிடிபடும்வரை அவன் யாரையும் கொல்லவில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. பழைய நினைவுகளையும் எடுத்து வைத்திருந்த பொருள்களையும் வைத்துக்கொண்டு கற்பனையிலேயே காலத்தை ஓட்டினான். எஃப்.பி.ஐ. 2005-இல் சான் அன்டோனியோவில் நிபுணர்களைக் கூட்டி, 2008-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தொடர்கொலையாளியால் நிறுத்தவே முடியாது என்பதைக் கட்டுக்கதைகளின் பட்டியலில் சேர்த்து, ரேடரை உதாரணம் காட்டியிருக்கிறார்கள். கற்பனை முற்றினால் கொலை நிச்சயம் என்ற கணக்கு அவன் விஷயத்திலேயே முழுதாகப் பொருந்தவில்லை.

கற்பனைக்கும் கொலைக்கும் உள்ள தொடர்பை எஃப்.பி.ஐ.காரர்களே முன்பு பெரிதாக எழுதினார்கள். 1970-களின் கடைசியில் ராபர்ட் ரெஸ்லரும் ஜான் டக்ளஸும் சிறை சிறையாகப் போய்ப் பேட்டி எடுக்க ஆரம்பித்தது உங்களுக்குத் தெரிந்த கதை, ‘மைண்ட்ஹன்டர்’ பார்த்திருப்பீர்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் வேலை செய்த செவிலியர் பேராசிரியை ஆன் பர்ஜஸ் வந்துதான் அந்தப் பேச்சுகளை ஒழுங்கான ஆய்வாக மாற்றினார். 36 கொலையாளிகள். 1988-இல் புத்தகமாக வந்தது. முதல் கொலைக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அந்தக் கற்பனை அவர்கள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்பது அதன் சாரம். நல்ல வேலைதான். ஆனால் அதே மாதிரிக் கற்பனை இருந்தும் கொல்லாதவர்களை அவர்கள் பேட்டி எடுக்கவில்லை.

அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 1993-இல் அரிசோனாவில் கல்லூரி மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஆண்களில் 73 சதவீதம், பெண்களில் 66 சதவீதம் பேர் ஒரு தடவையாவது யாரையாவது கொல்வதாகக் கற்பனை செய்திருந்தார்கள். வீட்டு ஓனர், மேனேஜர், நாத்தனார் என்று நம் ஆட்களிடம் கேட்டாலும் பட்டியல் நீளும். கோபத்தில் ஒரு நிமிஷம் மனசுக்குள் ஓடும் படம் அது, டீ குடித்ததும் போய்விடும்.

வேறொரு வகையும் உண்டு. அதைப் பற்றித்தான் நீங்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். பொறியியல் படிக்கும் பையன் ஒருவனை அவனுடைய அம்மா கூட்டிவந்தார். (ஆள் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) விடுதியில் நண்பர்களோடு லேப்டாப்பில் ஒரு சைக்கோ படம் பார்த்திருக்கிறான். அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவன், அடுப்படியில் இருந்த அரிவாள்மனையைப் பார்த்ததும் வெலவெலத்துப்போய், ‘அம்மா, இதை எங்கேயாவது ஒளிச்சு வை’ என்று கெஞ்சியிருக்கிறான். தங்கச்சி பக்கத்தில் வந்தால் எழுந்து போய்விடுவான். ராத்திரியில் வெளித் திண்ணையில் படுத்துக்கொண்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொல்வான். குத்திவிடுவோமோ என்ற நினைப்பு வந்துகொண்டே இருந்தது. அதை விரட்ட விரட்ட இன்னும் பலமாக வந்தது. அம்மா அவனை வேப்பிலை அடிக்கும் இடத்துக்கெல்லாம் கூட்டிப் போயிருக்கிறார். என் எதிரே உட்கார்ந்து அவன் கேட்ட முதல் கேள்வி: ‘மேடம், நானும் அவங்க மாதிரி ஆயிடுவேனா?’

அது ஓசிடி. அறிவும் மனசும் வெறுக்கிற எண்ணம் திரும்பத் திரும்ப வந்து தாக்குவது. 1978-லேயே லண்டனில் ராக்மனும் டி சில்வாவும் நோய் இல்லாத சாதாரண மனிதர்களிடம் விசாரித்தபோது, பத்துக்கு எட்டுப் பேருக்கு இப்படி அழைக்காமல் வரும் அசிங்கமான, பயங்கரமான எண்ணங்கள் இருந்தன. பெரும்பாலானோர் ‘சே’ என்று தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள், சிலர் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். சிகிச்சை உண்டு, பெரும்பாலோருக்கு நல்ல பலன் கிடைக்கும். அந்தப் பையனைத் தேற்றுவதற்கு முன்னால் உங்கள் படத்தை அவன் மனசிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. ரேடர் தன் கற்பனையை ஆசையோடு உட்கார்ந்து அலங்கரித்தான், இவன் அதைக் கண்டு நடுங்கித் திண்ணையில் படுத்தான். இரண்டும் இரு துருவம். உங்கள் படத்தில் இரண்டுக்கும் ஒரே ஷாட்தான்: வெறித்த கண், காதுக்குள் குரல், கையில் கத்தி.

அப்படியானால் கற்பனையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. காயத்தை வைத்தும் முடியாது. எதை வைத்து முடியும்?

இங்கிலாந்தில் மாக்கல்லாக் என்ற மனநல மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும், கடும் குற்றம் செய்து உயர்பாதுகாப்பு மருத்துவமனையில் இருந்த 16 ஆண்களை ஆராய்ந்து 1983-இல் எழுதினார்கள். 13 பேர் விஷயத்தில், செய்த குற்றம் நெடுநாளாக மனசில் ஓடிய வன்முறைக் கற்பனையின் நீட்சியாக இருந்தது. அதைவிட முக்கியமான ஒன்றையும் கவனித்தார்கள். கற்பனையிலிருந்து அவர்கள் நேராகக் குற்றத்துக்குத் தாவவில்லை. நடுவில் துண்டு துண்டாக ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். தெரியாத பெண்ணின் பின்னாலேயே போவது. அவள் வீடு எது என்று பார்த்து வைப்பது. இன்னொரு நாள் இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போவது. யாரும் தடுக்கவில்லை என்றால், அந்த அனுபவம் கற்பனைக்குள் போய்ச் சேர்ந்து அதை இன்னும் கூர்மையாக்குகிறது. மறுபடியும் ஒத்திகை.

தலைக்குள் ஓடுவது யார் கண்ணுக்கும் தெரியாது. கொலை நடந்த பிறகு தெரிந்து பயனில்லை. வெளியே இருக்கும் ஒருவர் ஏதாவது செய்யக்கூடிய ஒரே கட்டம் இந்த நடுப்பகுதிதான். உங்கள் படங்களில் நீங்கள் ‘கட்’ போட்டுத் தாண்டிப்போவதும் இதைத்தான்.

தாண்டிப்போவதோடு விட்டிருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். அந்தக் காட்சிகளை நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். ஏராளமாக எடுத்திருக்கிறீர்கள். வேறு படத்தில், வேறு ஆளை வைத்து, பாட்டோடு. பஸ் ஸ்டாப்பில் தினமும் நிற்பது, அவள் ஏறும் பஸ்சில் ஏறுவது, தோழியை மிரட்டியோ கெஞ்சியோ நம்பர் வாங்குவது, வீட்டு எதிரே பைக்கில் ரவுண்டு அடிப்பது, ‘பிடிக்கலை’ என்று அவள் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பது. அதற்கெல்லாம் நம் ஊரில் காதல் படத்தின் முதல் பாதி என்று பெயர். ‘சைக்கோ’வில் இரண்டுமே ஒரே படத்தில் இருக்கிறது. கதாநாயகியைக் கடத்துகிறவன் கொடூரன். அதற்கு முன்னால் அவளை விடாமல் பின்தொடர்ந்து காதலைச் சொல்கிறவன் நாயகன். ஒருவன் பின்னால் போவது தப்பு, இன்னொருவன் பின்னால் போவது காவியம் என்றால், தியேட்டரில் இருக்கும் பெண் எதைப் பார்த்து யார் என்று தெரிந்துகொள்வாள்? பின்னணி இசையைக் கேட்டா?

உடனே நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். ‘பின்னாடி சுத்துறவன் எல்லாம் கொலைகாரனா மேடம்?’ இல்லை. அதில் தொடர்கொலையாளியாக மாறுகிறவன் அரிதினும் அரிது. ஆனால் பின்னால் சுற்றுவதே குற்றம். 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவாகச் சேர்த்தார்கள், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-ஆம் பிரிவு. முதல் தடவைக்கே மூன்று ஆண்டுகள்வரை சிறை கிடைக்கலாம். கொலை வரை போகாவிட்டாலும் அந்தப் பெண்ணின் படிப்பு போகிறது, வேலை போகிறது, வெளியே போகும் சுதந்திரம் போகிறது.

இரண்டாவதாக, ‘படம் பார்த்தா கொலை பண்றாங்க?’ என்பீர்கள். அதையும் நான் சொல்லவில்லை. உங்கள் படத்தைப் பார்த்து ஒரு ரேடர் உருவாகிவிடுவான் என்று நான் நம்பவில்லை. சென்சார்காரர்களிடம் கத்தரிக்கோலைக் கொடுக்கச் சொல்லியும் கேட்கவில்லை. பார்க்கிற மற்ற அத்தனை பேரையும் பற்றித்தான் கவலை. பெண் வந்து ‘ஒருத்தன் பின்னாலயே வர்றான்’ என்று சொல்லும்போது அப்பா என்ன செய்கிறார், விடுதி வார்டன் என்ன சொல்கிறார், ஸ்டேஷனில் எழுத்தர் எப்படிப் பார்க்கிறார் என்பதையெல்லாம் உங்கள் இருவகைப் படங்களும் சேர்ந்துதான் பழக்கியிருக்கின்றன. ‘சின்னப் பையன்மா, லவ் பண்றான் போல’ என்பது ஒரு வசனம். அது எங்கிருந்து வந்தது?

கேட்காத காது எவ்வளவு உயிர்களை வாங்கும் என்பதற்கு அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தைப் பாருங்கள். 1991 மே மாதம், ஒரு 14 வயதுப் பையன் ஆடையில்லாமல், ரத்தத்தோடு, நிலைதடுமாறித் தெருவில் வந்தான். பக்கத்தில் இருந்த கறுப்பினப் பெண்கள் போலீசைக் கூப்பிட்டார்கள், அவன் சிறுவன் என்று அடித்துச் சொன்னார்கள். போலீஸ்காரர்கள் அந்தப் பெண்களை வாயை மூடச் சொல்லிவிட்டு, ‘இவன் என் சினேகிதன், 19 வயசு’ என்று நிதானமாகப் பேசிய ஜெஃப்ரி டாமரை நம்பி, பையனை டாமரின் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். சிறுவனிடம் பாலியல் குற்றம் செய்து தண்டனை பெற்று அப்போது கண்காணிப்பில் இருந்தவன் டாமர். பெயரை வைத்து விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். அன்றைக்கே அந்தப் பையனைக் கொன்றான். பிடிபடுவதற்குள் இன்னும் நான்கு பேர். மொத்தம் 17. சியாட்டில் பக்கம் 49 கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட கேரி ரிட்ஜ்வே, லாரி ஆலையில் பெயிண்ட் அடிக்கிறவன், பாலியல் தொழில் செய்யும் பெண்களை ஏன் தேர்ந்தெடுத்தான் என்பதை நீதிமன்றத்திலேயே சொல்லிவிட்டான்: அவர்கள் காணாமல் போனால் சீக்கிரம் யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள் என்று. இவர்களுடைய மனசின் ஆழத்தில் இறங்கி முத்தெடுக்க நீங்கள் ஆசைப்படுகிறீர்கள். இத்தனை பேரைக் கொல்ல முடிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அவர்கள் மனசுக்கு வெளியேதான் கிடக்கிறது.

என் கோரிக்கைக்கு வருகிறேன். அடுத்த டிஸ்கஷனில் உட்காரும்போது, அந்தப் பதினைந்து நிமிஷ பிளாஷ்பேக்கை எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தை நடுப்பகுதிக்குக் கொடுங்கள். கொலை செய்யாமல் அவன் கழித்த மாதங்களை, அவன் பார்த்து வைத்த வீடுகளை, பாதியில் விட்ட பெண்களை எழுதுங்கள். அதில் திகில் குறையாது, நீங்கள் கைதேர்ந்தவர்கள். முக்கியமாக ஒரு காட்சி வேண்டும். முதல் கொலைக்கு முன்னால் ஒரு பெண் ஸ்டேஷனுக்குப் போகிறாள். நடந்ததைச் சொல்கிறாள். அங்கே புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுக்கிறார்களா, நாளைக்கு வா என்கிறார்களா, அவள் போட்டிருக்கும் உடையைப் பார்க்கிறார்களா என்று பாருங்கள். அந்தக் காட்சியை அவள் கண்ணிலிருந்து எடுங்கள். உங்கள் நாயகன் காதலிப்பதாக இருந்தால், அவள் ‘வேண்டாம்’ என்றதும் திரும்பிப் போகட்டும். அப்படிப் போகிறவனை ஒரு படத்திலாவது நாயகனாக வையுங்கள்.

எழுதத் தெரியாமல் இல்லை, அந்தப் பக்கத்து விவரம் இல்லை என்றால் சொல்லுங்கள். அப்படிப் புகார் கொடுக்கப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்களில், பெயர் வெளியே வராது என்றால் பேசத் தயாராக இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். உங்கள் எழுத்தாளர்களை மதுரைக்கு அனுப்புங்கள். அந்தப் பெண்களை உட்காரவைத்துப் பேசவைப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்கள் படங்களை இனியும் முதல் வாரமே பார்க்கப்போகும் ஓர் ஆலோசகர்